பால்மரத்தின் கதை – 19: நிலைக்காத பாலில் நிலைத்த பெயர்

சென்ற பகுதியைப் புகை வீட்டு வாசலில் நிறுத்தியிருந்தோம். ஆசிட் விட்டு உறைய வைத்த ரப்பர் பால் உருளைகளுக்கிடையே நசுங்கித் தகடாகி, கம்புகளில் வரிசையாகத் தொங்கி, நாட்கணக்கில் புகை குடித்து, பழுப்பேறிய சீட்டாக வெளியே வந்தது. அங்கிருந்து துறைமுகம் போய்க் கப்பலேறியது. டயரானது, செருப்பானது, குழாயானது. அந்தப் பெருவழியைத்தான் இதுவரை பின்தொடர்ந்து வந்தோம்.

அந்தப் பால் போன சிறுவழி ஒன்றும் உண்டு. 1967 தொடங்கி மூன்றாண்டு காலம் நியூயார்க் நகரில் ஒரு பெண், திரவ ரப்பர் பாலை வாங்கி வந்து, தூரிகையால் மெல்லிய துணியில் பூசி, காயவிட்டு, மறுபடி பூசிச் சிற்பங்கள் செய்தார். அவர் பெயர் ஈவா ஹெஸ்ஸே. 34 வயதில் மறைந்தவர். இன்று உலகின் பெரிய கலைக்கூடங்கள் அவர் கைபட்ட சிறு துணுக்கைக்கூடக் கண்ணாடிக்குள் வைத்துக் காக்கின்றன. அவர் வேலை செய்த அந்த ஆண்டுகளில் உலகிலேயே அதிகமாக இயற்கை ரப்பர் விளைவித்த நாடு மலேசியா. அவர் தூரிகையில் தோய்ந்த பொருள், பேராக்கின் தோட்டங்களில் நம் பாட்டன் பாட்டியர் விடியுமுன் எழுந்து கையாண்ட அதே பொருள்.

தோட்டத்து வரலாற்றில் நியூயார்க் கலைஞருக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். சிறிய பொருளுக்கும், அழியப்போகிற பொருளுக்கும் எவ்வளவு மதிப்புத் தரலாம் என்பதை அவர் வாழ்வு காட்டுகிறது. தோட்டத்து வாழ்க்கை முழுவதும் அப்படிப்பட்ட பொருள்களால் ஆனது. ஆகவே இந்தப் பகுதி அவருக்கு.

ஒன்றரை மில்லிமீட்டர்

முதலில் பால் வெட்டும் கையை நினைவுபடுத்திக்கொள்வோம். 1877-இல் பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடென்ட் ஹியூ லோ கோலகங்சாரில் ரப்பர் கன்றுகளை நட்டபோது, மரத்தைச் சாகவிடாமல் பால் எடுக்கும் முறை இங்கே யாருக்கும் தெரியாது. 1890களில் சிங்கப்பூர் தாவரத் தோட்டத்தின் இயக்குநர் ஹென்றி ரிட்லி அந்த முறையைச் சோதித்துக் கண்டறிந்தார். பட்டையைச் சரிவாகக் கீறி, அதே கீற்றின் ஓரத்தை அடுத்த முறை மிக மெல்லியதாகச் சீவி எடுப்பதுதான் அது. ஒரு சீவலில் போகும் பட்டை ஒன்றரை மில்லிமீட்டர் அளவுதான். கொஞ்சம் மேலாக வெட்டினால் பால் குறையும். கொஞ்சம் ஆழமாக வெட்டினால் உள்தோலில் காயம் பட்டு, அந்த இடத்தில் பட்டை முண்டு முண்டாக வளரும். பிறகு அங்கே கத்தி ஓடாது.

ஒரு நிரைக்கு நானூறு, ஐந்நூறு மரங்கள். நெற்றி விளக்கு வெளிச்சத்தில், மரம் மரமாக, அந்த ஒன்றரை மில்லிமீட்டரைத் தப்பவிடாத கை. ஒவ்வொரு மரத்துப் பட்டையும் வேறு, சாய்வு வேறு, முடிச்சு வேறு. வேலை ஒன்றுதான், ஒரு வெட்டு இன்னொன்றைப் போல இராது. பால் ஏந்தும் கோப்பையான மங்கில் விழும் பாலுக்கும் நேரக் கணக்கு உண்டு. வெயில் ஏறினால் பால் வடிவது நின்றுவிடும். எடுத்த பாலை அமோனியா சேர்க்காமல் வைத்தால் தானே உறைந்துவிடும். வெட்டுக் கீற்றில் காய்ந்து ஒட்டிக்கொண்டதை ஒட்டுப்பால் என்று உரித்துச் சேர்த்தார்கள். மங்கில் உறைந்ததைக் கட்டிப்பால் என்று தனியே எடுத்தார்கள். ரப்பர் பால் காலத்தோடு மாறிக்கொண்டே இருக்கும் பொருள் என்பது தோட்டத்துப் பிள்ளைக்கும் தெரியும்.

ஹாம்பர்க்கிலிருந்து ஓடிவந்த குழந்தை

ஈவா ஹெஸ்ஸே 1936 ஜனவரி 11 அன்று ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் யூதக் குடும்பத்தில் பிறந்தார். 1938 இறுதியில், யூதக் குழந்தைகளை நாஜிகளிடமிருந்து காப்பாற்ற ஏற்பாடான ரயிலில் அவரையும் அக்காள் ஹெலனையும் பெற்றோர் நெதர்லாந்துக்கு அனுப்பிவைத்தார்கள். ஈவாவுக்கு அப்போது மூன்று வயதுகூட நிரம்பவில்லை. சில மாதங்களுக்குப் பிறகு பெற்றோர் வந்து சேர்ந்தார்கள். 1939-இல் குடும்பம் நியூயார்க் போனது. பெற்றோர் பிரிந்தார்கள். 1946-இல் தாய் தன்னுயிரை மாய்த்துக்கொண்டார். மகளுக்குப் பத்து வயது.

ஈவா ஓவியம் படித்தார். யேல் பல்கலைக்கழகத்தில், வண்ணங்களைப் பற்றிய பாடத்துக்குப் பெயர்பெற்ற ஜோசப் ஆல்பர்ஸிடம் பயின்று 1959-இல் பட்டம் பெற்றார். சிற்பி டாம் டாயிலை மணந்தார். 1964-இல் ஜெர்மனியின் கெட்விக் ஊரிலிருந்த ஒரு துணி ஆலை முதலாளி, பயன்படாமல் கிடந்த ஆலைக் கட்டடத்தில் தங்கி வேலை செய்ய இருவரையும் அழைத்தார். உயிர் தப்பி ஓடிவந்த நாட்டுக்கே திரும்பிப் போனார் ஈவா. அந்த ஆலையில் பழைய இயந்திரத் துண்டுகளும் கயிறும் சிதறிக் கிடந்தன. ஓவியம் வரைய உட்கார்ந்தவர் அவற்றைப் பலகையில் ஒட்டத் தொடங்கினார். தட்டையான படம் மெல்ல எழும்பிப் புடைத்தது. அவர் சிற்பியானது அங்கேதான்.

1965-இல் நண்பர் சால் லெவிட், சந்தேகப்படுவதை விட்டுவிட்டுச் செய், செய்துகொண்டே இரு என்று அவருக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். இருபதாம் நூற்றாண்டுக் கலைஞர்களிடையே மிகப் புகழ்பெற்ற கடிதங்களில் அது ஒன்று. அதே ஆண்டு ஈவா நியூயார்க் திரும்பினார். அடுத்த ஆண்டில் மணவாழ்வும் முறிந்தது, தந்தையும் இறந்தார். அதற்குப் பின் வந்த நான்கு ஆண்டுகளில் அவர் செய்தவைதான் இன்று நாம் பேசுபவை.

பால் கைக்கு வந்தபோது

அக்காலத்து நியூயார்க்கில் மினிமலிசம் என்ற கலைப்போக்கு கோலோச்சியது. டொனால்ட் ஜட் தொழிற்சாலையில் சொல்லிச் செய்வித்த உலோகப் பெட்டிகளை வரிசையாக வைத்தார். கார்ல் ஆந்த்ரே செங்கற்களையும் தகடுகளையும் தரையில் அடுக்கினார். கலைஞரின் கைத்தடம் எங்கும் தெரியக் கூடாது என்பது அந்தக் கலையின் நெறி. ஹெஸ்ஸே அந்த வரிசையையும் அடுக்கையும் எடுத்துக்கொண்டார். ஆனால் அவற்றைக் கையால் செய்தார். கைப்பட்டதால் ஒவ்வொன்றும் சற்றே வேறாகக் கோணிக்கொண்டது.

1968-இல் முடித்த ‘ரெபட்டிஷன் நைன்டீன் த்ரீ’ என்ற படைப்பைப் பாருங்கள். கண்ணாடியிழையில் செய்த 19 கலங்கள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ இருபது அங்குல உயரம், வாளி வடிவம். ஒன்று இடுப்பில் ஒடுங்கியது, ஒன்று ஒரு பக்கம் சாய்ந்தது. எந்த வரிசையில் வைப்பது என்பதைக் காட்சிக்கு வைப்பவரே முடிவுசெய்யலாம் என்று விட்டுவிட்டார். இது இப்போது நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வது, ஆனால் எந்த இரண்டும் ஒன்றாக இராதது: நிரை பிடித்த மரங்களில் கத்தி ஓட்டியவருக்கு இந்தப் படைப்பை யாரும் விளக்க வேண்டியதில்லை.

1967-இல் அவர் ரப்பர் பாலுக்கு வந்தார். மன்ஹாட்டனின் கேனல் தெருக் கடைகளில் அது வாங்கக் கிடைத்தது. அச்சு எடுக்கும் தொழிலுக்காக விற்ற பொருள் அது. ஹெஸ்ஸே அதை வண்ணம் போலத் தூரிகையால் பூசினார். ஒரு பூச்சுக் காய்ந்த பின் அடுத்த பூச்சு. தோல் போல வழவழப்பும் ஒளி புகும் மென்மையும் கொண்ட பரப்பு உருவாயிற்று.

1969-இல் செய்த ‘கன்டின்ஜென்ட்’ அவருடைய உச்சம் என்று பலரும் சொல்வார்கள். வலைத்துணி எட்டுத் துண்டுகள். ஒவ்வொன்றிலும் நடுவில் ரப்பர் பால் பூச்சு, இரு முனைகளிலும் கண்ணாடியிழை. எட்டும் கூரையிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாகத் தொங்குகின்றன. ஒவ்வொன்றும் நீளத்திலும் சுருக்கத்திலும் வேறு. பார்த்தவுடன் தோட்டத்து ஆள் சொல்வார்: புகை வீட்டில் கம்புக்குக் கம்பு தொங்கும் சீட்டு போலவே இருக்கிறது. ஹெஸ்ஸே புகை வீட்டைக் கண்டவரல்லர். பால் தன் குணத்தால் அவரையும் தோட்டத்து ஆட்களையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்தது என்றே நான் நம்புகிறேன். மெல்லியதாகப் பரப்பு, காற்றுப் படத் தொங்கவிடு, காயட்டும் என்று பொருளே கேட்கிறது. 1970 மே மாத ‘ஆர்ட்ஃபோரம்’ இதழின் அட்டையில் இந்தப் படைப்பின் படம் வந்தது. அந்த மாதம் 29-ஆம் நாள் ஹெஸ்ஸே மூளைக் கட்டியால் இறந்தார். ‘கன்டின்ஜென்ட்’ இன்று கான்பெராவில், ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது.

உள்ளங்கையில் அடங்கியவை

பெரிய படைப்புகளைவிட எனக்கு முக்கியமாகப் படுபவை அவர் பட்டறையில் கிடந்த சின்னஞ்சிறு துணுக்குகள். ரப்பர் பால் தோய்த்து மடித்த துணி, மெழுகு பூசிய கம்பி, காகிதக் கூழில் வளைத்த ஏடு, சுருட்டிய வலைத்துணி. பல, உள்ளங்கையில் அடங்கும். ஒரு பொருள் எப்படி வளைகிறது, எப்படிக் காய்கிறது என்று பார்க்கச் செய்தவை. வேலை முடிந்ததும் வீசியிருக்கலாம். அவர் வீசவில்லை. சிலவற்றை நண்பர்களுக்குப் பரிசாகக் கொடுத்தார். சிலவற்றை, பலகாரக் கடையில் கேக் அடுக்கும் கண்ணாடிப் பெட்டியை வாங்கி வந்து அதில் அடுக்கி வைத்தார்.

அவர் இறந்த பின் அக்காள் ஹெலன் அவற்றைக் காப்பாற்றினார். 1979-இல் அத்துணுக்குகளில் பெரும் தொகுதியொன்றைக் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகக் கலை அருங்காட்சியகத்துக்குக் கொடையாகக் கொடுத்தார். கலை வரலாற்றாளர் பிரையனி ஃபெர் இவற்றை ஆராய்ந்து, ‘பட்டறை வேலை’ என்று பொருள்படும் ‘ஸ்டுடியோவொர்க்’ என்ற பெயரிட்டார். 2009-இல் எடின்பரோவில் தொடங்கிய கண்காட்சியொன்று இவற்றைப் பல நாடுகளுக்குக் கொண்டுபோனது. சோதனைத் துணுக்கு என்று ஒதுக்கப்பட்டிருக்கக் கூடியவை, அவருடைய சிந்தனையை மிக நெருங்கிக் காட்டும் சான்றுகளாகி நின்றன.

இதை நடத்திக்காட்டியது ஒரு குடும்பம் என்பதைக் கவனிக்க வேண்டும். எது வரலாறு, எது குப்பை என்று அருங்காட்சியகம் முடிவுசெய்யும் முன்பே, அக்காளின் வீடு முடிவுசெய்தாகிவிட்டது.

பால் மூப்படையும் விதம்

ரப்பர் பால் முதுமை அடையும். அதன் மூலக்கூறு நீண்ட சங்கிலி. காற்றிலுள்ள ஆக்சிஜனும் வெளிச்சமும் அந்தச் சங்கிலியை அறுத்துக்கொண்டே போகும். முதலில் வெண்மை மஞ்சளாகும், மஞ்சள் பழுப்பாகும், பரப்பு பிசுபிசுக்கும். இறுதியில் விறைத்து நொறுங்கும். சார்ல்ஸ் குட்இயர் 1839-இல் கந்தகம் சேர்த்துச் சூடேற்றும் முறையைக் கண்டதும், தோட்டத்தில் சீட்டுக்குப் புகை போட்டதும் ரப்பருக்கு ஆயுளைக் கூட்டத்தான். மெல்லிய பூச்சாக, விளக்கொளியில் தொங்கும் சிற்பத்துக்கு அந்தக் காவல் குறைவு.

ஹெஸ்ஸேவுக்கு இது தெரியும். 1970-இல் விமர்சகர் சிண்டி நெம்சருடன் நடந்த உரையாடலில், தன் படைப்பை வாங்க வருபவர்களை எண்ணிச் சற்றுக் குற்ற உணர்வு ஏற்படுவதாகச் சொன்னார். ஆயினும் தன் வேலைக்கு ரப்பர்தான் வேண்டுமென்றால் அதுவே முக்கியம், வாழ்க்கையும் நிலைப்பதில்லை, கலையும் நிலைப்பதில்லை என்ற கருத்தில் உறுதியாக நின்றார். தலையில் அறுவை சிகிச்சை நடந்து, நாள் எண்ணிக்கொண்டிருந்த ஒருவர் சொன்ன சொல் இது.

அவர் பயந்தபடியே நடந்தது. அவருடைய ரப்பர் படைப்புகளில் சில, இனிக் காட்சிக்கு வைக்கவே முடியாதபடி சுருங்கி இறுகிவிட்டன. மறுபடி செய்து வைக்கலாமா, கூடாதா என்று 2002-இல் சான் பிரான்சிஸ்கோவில் அவருடைய பெருங்கண்காட்சி நடந்தபோது வல்லுநர்கள் கூடி விவாதித்தார்கள். 1969-இல் செய்த ‘எக்ஸ்பாண்டட் எக்ஸ்பான்ஷன்’ என்ற பத்தடி உயரத் திரையைக் குகன்ஹைம் அருங்காட்சியகம் நெடுங்காலம் கிடங்கில் வைத்திருந்தது. பாதுகாப்பாளர்கள் பல ஆண்டுகள் உழைத்து, 35 ஆண்டுகளுக்குப் பிறகு 2022-இல் அதை மக்கள் முன் நிறுத்தினார்கள். பழுப்பை அவர்கள் வெள்ளையாக்கவில்லை. மூப்போடு சேர்த்தே காட்டினார்கள். அந்தப் படைப்பை அறிய அதன் வயதையும் பார்க்க வேண்டும் என்பது இப்போது ஏற்கப்பட்ட முறையாகிவிட்டது.

பெயரும் பாதிப்பும்

‘பின்மினிமலிசம்’ என்ற பெயரை 1971-இல் கலை விமர்சகர் ராபர்ட் பின்கஸ்-விட்டன் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது ஹெஸ்ஸேயைப் பற்றிய கட்டுரையில்தான். ஒரு காலகட்டத்தின் பெயரே அவரைப் பற்றி எழுதும்போது பிறந்தது. 1972-இல் குகன்ஹைம் அவருக்கு நினைவுக் கண்காட்சி நடத்தியது. விமர்சகர் லூசி லிப்பார்ட் அவரைப் பற்றிய முழு நூலை 1976-இல் வெளியிட்டார்.

எனக்கு எல்லாவற்றிலும் பெரிய சான்றாகத் தெரிவது சால் லெவிட் செய்தது. அளவுகோல் வைத்து நேர்கோடு இழுப்பதில் பெயர்பெற்றவர் அவர். ஹெஸ்ஸே இறந்த செய்தி வந்த நேரத்தில் பாரிஸில் ஒரு கண்காட்சிக்கு ஏற்பாடு செய்துகொண்டிருந்தார். 46-ஆம் எண்ணிட்ட சுவர்ச் சித்திரத்தை அவருக்கு அர்ப்பணித்தார்: சுவர் முழுக்கச் செங்குத்துக் கோடுகள், ஒன்றையொன்று தொடாதவை, நேராக இல்லாதவை. கை நடுக்கத்தோடு இறங்கும் கோட்டை அவர் தம் கலைக்குள் ஏற்றுக்கொண்டது தோழியால்தான். செய் என்று கடிதம் எழுதியவரே அவரிடமிருந்து கற்றுக்கொண்டார்.

நம் கரைக்குத் திரும்பினால்

மலேசியாவில் இப்படிச் சிறியவற்றை நம்பி வேலை செய்பவர் சிம்ரின் கில். 1959-இல் சிங்கப்பூரில் பிறந்தவர். போர்ட்டிக்சனிலும் சிட்னியிலும் வாழ்கிறார். ஹெஸ்ஸேயின் வழி வேறு, இவர் வழி வேறு. ஆனால் சிறு பொருளின் மேல் வைக்கும் கவனத்தில் இருவரும் உறவினர். கடற்கரையில் ஒதுங்கிய கண்ணாடிச் சில்லுகளைப் பொறுக்கி அவற்றில் ஒவ்வொரு சொல்லைப் பொறித்தார். சாலையில் வண்டியேறி நசுங்கிக் கிடந்த தகரத்துக்கும் டப்பாவுக்கும் பொம்மைச் சக்கரம் பூட்டி அணிவகுக்க வைத்தார். நண்பர்கள் தந்த புத்தகங்களைக் கிழித்துச் சுருட்டி மணிமாலையாக்கித் திருப்பிக் கொடுத்தார். 2001-இல் தீபகற்ப மலேசியாவெங்கும் முன்பின் தெரியாதவர்களின் வீட்டுக் கதவைத் தட்டி, உள்கூடங்களை மட்டும் 260 படங்களாக எடுத்தார். ஆள் ஒருவரும் படத்தில் இல்லை. சோபா, சாமிப் படம், நாள்காட்டி, விசிறி ஆகியவைதான் பேசுகின்றன. 2013-இல் வெனிஸ் நகரின் புகழ்பெற்ற ‘பியன்னாலே’ கண்காட்சியில் ஆஸ்திரேலியாவின் சார்பில் இடம்பெற்றவர் அவர்.

இனி பேராக். நம் மாநிலத்தின் வரலாறு பெரியவற்றால் சொல்லப்படுகிறது. பத்து காஜா அருகே ஸ்காட்லாந்துக்காரர் வில்லியம் கெல்லி ஸ்மித் கட்டி முடிக்காமல் விட்ட மாளிகை நிற்கிறது. அவர் 1926-இல் இறந்தார். தஞ்சோங் துவாலாங்கில் ஈயம் அள்ளிய மிதவை இயந்திரம் நிற்கிறது. ஈப்போவிலும் கம்பாரிலும் ஈயச் சுரங்க வாழ்வைக் காட்டும் அருங்காட்சியகங்கள் இருக்கின்றன.  கெல்லியின் மாளிகையைப் பார்க்க வருவோர், அவருக்காக உழைத்த தமிழ்த் தொழிலாளர்கள் கும்பிட்ட மாரியம்மன் கோயிலையும் பார்க்க வேண்டும். அதன் கூரையில் தெய்வங்களோடு துரையின் உருவமும் நிற்கிறது.

சுங்கை சிப்புட்டின் கமுனிங், எல்பில் போன்ற தோட்டங்களின் பெயர்களை இத்தொடரில் பலமுறை எழுதியிருக்கிறோம். ரப்பர் விலை சரிந்து, செம்பனை ஏறி, தொழிலாளர் குடியிருந்த லயங்கள் காலியாகி, மக்கள் நகர ஓரங்களுக்குப் பெயர்ந்தபோது கூடவே போனவை சிறு பொருள்கள். தேய்ந்து தேய்ந்து மெலிந்த பால் வெட்டும் கத்தி. பட்டையில் அடித்த தகரப் பீலி. விளிம்பு உடைந்த மங்கு. பால் வாளி சுமந்து தோளைக் காய்க்கவைத்த காண்டாக் கம்பு. ஒட்டுப்பாலை இழை இழையாகச் சுற்றிப் பிள்ளைகள் செய்த பந்து. அந்தப் பந்தைச் செய்த பிள்ளை, ஹெஸ்ஸே தம் பட்டறையில் கேட்ட கேள்வியையே கேட்டது: இந்தப் பால் என் கையில் என்னவாகும்? அவர் துணுக்குகளுக்கு அக்காள் இருந்தார், பிறகு பல்கலைக்கழகம் வந்தது. தோட்டத்துப் பந்துக்கும் அந்த மதிப்பு உண்டு. அதைத் தரும் வேலை இப்போது உங்கள் வீட்டில் தொடங்க வேண்டும்.

வேலை கடினமில்லை. வீட்டில் ஒரு சீட்டுத் துண்டோ, ஒட்டுப்பால் பந்தோ இருந்தால் வெயிலும் விளக்கும் படாமல், குளிர்ந்த இடத்தில், காற்றுப் புகாத பெட்டியில் வையுங்கள். செம்புப் பாத்திரத்தோடு சேர்க்காதீர்கள். செம்பு ரப்பரைச் சீக்கிரம் கெடுக்கும். பழுப்பேறியிருந்தால் கழுவிச் சுரண்டாதீர்கள். அந்தப் பழுப்பு அதன் வயது. கத்தியைப் பட்டை தீட்டிப் புதுசாக்காதீர்கள். தேய்மானத்தில்தான் எத்தனை ஆயிரம் மரம் என்ற கணக்கு இருக்கிறது. ஒரு தாளில் எழுதிக் கூடவே வையுங்கள்: யாருடையது, எந்தத் தோட்டம், எந்த டிவிஷன், எந்த ஆண்டுவரை கையில் இருந்தது. அந்தத் தாள் இல்லாத பொருள் ஒரு தலைமுறையில் ஊமையாகிவிடும். அம்மாவும் அத்தையும் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள். அவர்கள் வெட்டிய பால் உலகெங்கும் போனது. அவர்கள் பெயர் பொருளோடு இருக்க வேண்டியது நம் பொறுப்பு.

*அடுத்த பகுதியில்: 1950களில் தோட்டங்கள் துண்டாடப்பட்ட கதையும், சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொழிலாளர் சேமிப்பைக் கொண்டு தோட்டங்களை வாங்கிய வரலாறும்.*